இடம்பெயர்ந்த பெண்களும் ஆதரவுச் சேவைகளும்: இலங்கையின் வடகிழக்கு அனுபவம்

போர்க்காலத் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டு எல்லையைத் தாண்டியவர் அகதி எனப்படுகிறார். 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம் அவருக்குச் சில உரிமைகளைத் தருகிறது. எல்லையைத் தாண்டாமல் சொந்த நாட்டிலேயே வேறொரு மாவட்டத்தில் போய்த் தங்கியவருக்கு அப்படியொரு உலகளாவிய ஒப்பந்தம் இல்லை. அவரைப் பராமரிக்கும் பொறுப்பு அவரது அரசையே சேர்கிறது. பல நாடுகளில் அந்த அரசே போரின் ஒரு தரப்பாகவும் இருக்கிறது. இந்தக் குறையை ஓரளவேனும் போக்க, சூடானிய இராஜதந்திரி பிரான்சிஸ் டெங் தலைமையில் தயாரான உள்ளக இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கொள்கைகள் 1998இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முன்வைக்கப்பட்டன. மொத்தம் 30 கொள்கைகள். எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்தாதவை. பெண்களைப் பற்றி அவற்றில் மூன்று முக்கியக் குறிப்புகள் உண்டு. நிவாரணத்தைத் திட்டமிடும்போதும் பங்கிடும்போதும் பெண்கள் பங்கேற்க வேண்டும் என்கிறது 18ஆம் கொள்கை. பெண் மருத்துவப் பணியாளர், இனப்பெருக்க நலப் பராமரிப்பு, பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு ஆலோசனை ஆகியவற்றைக் கேட்கிறது 19ஆம் கொள்கை. அடையாளப் பத்திரங்களைத் தன் பெயரிலேயே பெறும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்கிறது 20ஆம் கொள்கை. மூன்றில் கடைசியாகச் சொன்னது அலுவலகக் குமாஸ்தாவின் வேலை போலத் தோன்றும். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நடந்ததைப் பார்த்தால், மற்ற இரண்டும் நிறைவேறுமா இல்லையா என்பதைப் பல இடங்களில் முடிவு செய்தது அதுதான்.

அங்கே இடப்பெயர்வு ஒரே நிகழ்வல்ல. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்தில் பலாலி, மயிலிட்டி உள்ளிட்ட வலிகாமம் வடக்கு ஊர்கள் வெறுமையாகின. அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை, அரசுடன் போரிட்டுவந்த விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது சில மணி நேர அவகாசமே. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. 2004 டிசம்பரில் கடற்கோள் வந்தது. 2006–07இல் கிழக்கில் சம்பூரும் வாகரையும் பெயர்ந்தன. 2008–09இல் வடக்கின் பெருநிலப்பகுதியான வன்னி பெயர்ந்தது. ஒரு குடும்பம் பத்துத் தடவைக்கு மேல் இடம் மாறியிருப்பது வன்னியில் அரிதல்ல. ஒவ்வொரு தடவையும் எதையாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. முதலில் காணி உறுதி, பிறகு பிறப்புச் சான்றிதழ், கடைசியில் அடையாள அட்டை.

இடப்பெயர்வின் முதல் கட்டத்தில் அரசின் சேவை என்பது பங்கீட்டு அட்டையும் உலர் உணவும்தான். பெண்களுக்கென்று எதையேனும் செய்தவை சிறிய பெண்கள் அமைப்புகள். கிழக்கிலிருந்து வந்து கொழும்பு முகாம்களில் தங்கியிருந்த பெண்களிடையே 1991இல் வேலை தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், அப்பெண்கள் ஊர் திரும்பியபோது 1993இல் தானும் மட்டக்களப்புக்குப் பெயர்ந்தது. ஓர் ஆதரவு நிறுவனம் தன் பயனாளிகளோடு சேர்ந்து இடம் மாறியது பொருள் உள்ள செய்தி. நன்கொடை நிறுவனங்களின் வழக்கம் பெரும்பாலும் இதற்கு மாறானது. புத்தளத்தில் நிலைமை வேறு. அங்கே தங்கிய வடபுல முஸ்லிம்களின் இடப்பெயர்வு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பெண்கள் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனார்கள். பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போனார்கள். மன்னாரிலிருந்து தானே வெளியேற்றப்பட்ட ஜுவைரியா மொஹிதீன் அங்கு உருவாக்கிய முஸ்லிம் பெண்கள் அபிவிருத்தி அமைப்பு, முஸ்லிம் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றங்களில் தாபரிப்புப் பணத்துக்கும் விவாகரத்துக்கும் அலையும் பெண்களுக்குத் துணை நின்றது. நிவாரணப் பட்டியல் எதிலும் காதி வழக்குச் செலவு என்றொரு வரி கிடையாது. பெண்களின் தேவையோ பல வேளை அந்த வரியில்தான் இருந்தது.

போர் முடிந்த 2009 மே மாதத்தில் ஏறத்தாழ 280,000 பேர் வன்னியிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்டு, பெரும்பாலும் வவுனியா செட்டிகுளத்திலுள்ள மெனிக் பாம் முகாம் தொகுதியில் அடைக்கப்பட்டனர். அரசு இவற்றை ‘நலன்புரி நிலையங்கள்’ என்றது. சுற்றிலும் முட்கம்பி, 2009 டிசம்பர் வரை சுதந்திரமாக வெளியே போய்வர அனுமதியில்லை. தண்ணீர், உணவு, தறப்பாள் கூடாரம் ஆகியவற்றை ஐ.நா. நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் கொண்டுவந்தன. அந்தச் சேவையைப் பெண் எப்படிப் பயன்படுத்துவாள் என்பதை எண்ணிப் பார்த்தவர் குறைவு. குளிப்பதை எடுத்துக்கொண்டால் போதும். வடபகுதி வீடுகளில் கிணற்றடி கிடுகு வேலிக்குள் இருக்கும். பெண்கள் குறுக்குக்கட்டுடன் நின்று தண்ணீர் வார்த்துக்கொள்வார்கள். வேலிதான் அங்கே குளியலறையின் சுவர். முகாமில் வேலி இல்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வரிசையும் காவலும்தான் இருந்தன. விடியுமுன் எழுந்து குளிப்பது, ஆளுக்கொரு சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டுவது, சில நாள் குளிக்காமலே விடுவது என்று பெண்கள் சமாளித்தார்கள். தகரத்தால் நான்கு மறைப்புகள் போட ஆகும் செலவு பெரிதல்ல. அதைக் கேட்கும் இடத்தில் பெண்கள் இல்லை.

முகாம் பதிவும் அப்படியே. குடும்ப அட்டையில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது. புலிகள் இயக்கத்தவர் என்று சரணடைந்தோர் அல்லது அடையாளம் காணப்பட்டோர் 11,000க்கும் மேற்பட்டவர்கள் புனர்வாழ்வு முகாம்களுக்குப் பிரிக்கப்பட்டார்கள். அதற்கு முன்பே இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் ஆயிரக்கணக்கில். ஆகவே அந்தக் கட்டத்தில் எழுதக்கூடிய ஆள் பல கூடாரங்களில் இல்லை. மாமனார், அண்ணன், கணவரின் தம்பி என யாரோ ஒரு ஆணின் அட்டையில் மனைவியும் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டபோது, நிவாரணமும் பிறகு மீள்குடியேற்றக் கொடுப்பனவும் அவர் கையைத் தாண்டித்தான் அவளிடம் வந்தன. 2010இல் அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட கணக்கின்படி விதவைகள் கிழக்கில் 49,000 பேர், வடக்கில் 40,000 பேர். கணவன் தடுப்பில் இருந்தவள், கணவன் எங்கே என்று தெரியாதவள், கைவிடப்பட்டவள் ஆகியோர் விதவைக் கணக்கில் சேரமாட்டார்கள். ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்ற பிரிவு இவர்களையும் உள்ளடக்கப் பிறகு வழக்கில் வந்தது; எந்தத் திட்டம் யாரை அந்தப் பிரிவில் சேர்க்கும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறியது.

இந்தக் குழப்பத்துக்குள் சிக்காமல் தப்பிய சேவை ஒன்று உண்டு. அது தாய்சேய் நலம். இலங்கையின் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பில் குடும்பநல உத்தியோகத்தர், மக்கள் வாயில் ‘மிட்வைஃப்’, தன் பிரிவிலுள்ள கர்ப்பிணிகளை வீடு தேடிச் சென்று பதிவு செய்கிறார். அவர் பராமரிக்கும் பதிவேடு பெண்களின் பதிவேடு. கர்ப்பிணி அட்டை அவளுடைய பெயரில். எடை, இரத்த அழுத்தம், ஏற்புவலித் தடுப்பூசி எல்லாம் அதில். திரிபோஷா சத்துமாப்பொதியும் அந்த அட்டைக்கே. நாட்டில் பிரசவங்கள் ஏறத்தாழ முழுவதும் மருத்துவமனைகளிலேயே நடப்பது இந்த நூறாண்டுப் பழக்கத்தின் பயன். முகாம்களிலும் ஆளும் மருந்தும் போதாமல் இருந்தபோதிலும், சிகிச்சைக் கூடாரம் எழுந்தவுடன் கர்ப்பிணிப் பட்டியல் தயாரானது. கணவன் எங்கே என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகுதான் பதிவு என்று எந்த மருத்துவமாதும் சொல்வதில்லை. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமலே, இருந்த அமைப்பு வேலை செய்ததற்குக் காரணம் அது பெண்ணை நேராக எண்ணியதுதான்.

கணவன் காணாமற்போன பெண்ணின் நிலை இதற்கு நேர்மாறு. அவர் இறந்தார் என்பதற்குச் சான்றிதழ் இல்லாதவரை அவரது வங்கிக் கணக்கைத் தொட முடியாது. ஓய்வூதியம், நட்ட ஈடு, காணிப் பெயர்மாற்றம் எதுவும் நகராது. 2010ஆம் ஆண்டின் மரணங்களைப் பதிவு செய்தல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம், ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி திறந்தது. ஆனால் அதைப் பெறுவது, அவர் இறந்துவிட்டார் என்று மனைவியே கையொப்பமிடுவதாகும். கணவனை இராணுவத்திடம் கையளித்ததைக் கண்ணால் கண்டவள் அப்படி ஒப்பமிட மறுத்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒப்பமிட்டால் அவரைத் தேடிப் போட்ட வழக்கும் முறைப்பாடும் வலுவிழக்கும் என்ற அச்சமும் இருந்தது. 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இறந்தார் என்று சொல்லாமல், ஆள் காணப்படவில்லை என்று மட்டும் கூறும் ஒரு சான்றிதழ் அறிமுகமானது. அதே ஆண்டில் காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. சான்றிதழ் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் இடைக்கால உதவி என 2019 வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. அந்த ஆண்டு இறுதியில் ஆட்சி மாறியது. 2022இல் மாதக் கொடுப்பனவுக்குப் பதில் ஒரே தடவையில் ஓர் இலட்சம் ரூபாய் என்ற முடிவு வந்தபோது, 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டகைகளில் அமர்ந்திருந்த தாய்மார் அதை வாங்க மறுத்தனர். சேவை வழங்குவோர் இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டால் பிழை. விசாரணையிலிருந்து பிரிக்கப்பட்ட பணம், பெறுபவரின் பார்வையில், விசாரணையை முடித்துவைக்கும் பணம்.

ஊர் திரும்பியவர்களுக்கு 25,000 ரூபாய் காசும் கூரைத் தகரமும் ஆறு மாத உலர் உணவும் கொடுக்கப்பட்டன. நிலையான வீடு என்று பார்த்தால் மிகப் பெரியது இந்திய வீட்டுத்திட்டம். 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் பெரும்பகுதி ‘உரிமையாளரே கட்டும்’ முறையில் அமைந்தது. வடக்கு கிழக்கில் வீடொன்றுக்கு 550,000 ரூபாய், கட்டட வேலை முன்னேற முன்னேறத் தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. ஒப்பந்தக்காரரை நடுவில் விடாத இந்த முறை கொள்கையளவில் நல்லது. நடைமுறையில் அது ஒரு குடும்பத்தில் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டது. அத்திவாரம் வெட்டவும் கல் அரியவும் ஆண் இருக்கும் வீட்டில் கூலி மிச்சம். தனியாக இருக்கும் பெண் மேசனுக்கும் அவரது உதவியாளுக்கும் கூலி கொடுத்து, மணல் லொறிக்காரரிடம் விலை பேசி, இதற்கிடையே தன் நாட்கூலியையும் இழந்தாள். அடுத்த தவணை வருமுன் சுவர் குறித்த உயரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். எழும்பாத சுவருக்காக நகையை அடகு வைத்தவர்கள் உண்டு.

அதற்கும் முன்னால் நிற்பது காணி. வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் மக்கள் இருப்பது பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அனுமதிப்பத்திரக் காணிகளில். பத்திரம் ஒருவர் பெயரில் மட்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் கணவன். பின்னுரித்தாளர் பெயரிடப்படாமல் அவர் இறந்தால், வாரிசு அட்டவணை மகளுக்கு முன் மகனைக் கூப்பிட்டது. இந்த ஆண்முதன்மை 2022இல் வந்த திருத்தத்தால்தான் நீங்கியது; போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. யாழ்ப்பாணத்தில் தேசவழமைச் சட்டம். அதில் முதுசொம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்ற பிரிவுகள் உண்டு. சீதனக் காணி மனைவியின் சொத்தே. ஆயினும் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். தன் பெயரிலுள்ள காணியைத் தன் பிள்ளையின் படிப்புக்காக ஈடு வைக்கச் சட்டத்தரணியிடம் போக வேண்டிய நிலை இது. இலவசச் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைகளும் நடமாடும் சேவைகளும் இந்த இடத்தில் செய்த வேலை கண்ணில் படாதது. ஆனால் ஒரு வீட்டுத் திட்டத்தின் அளவுக்குப் பயனுள்ளது.

கிழக்கில் நடந்தது இன்னும் விசித்திரம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். கடற்கோளுக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட புதிய வீடுகள் பல ‘குடும்பத் தலைவர்’ என்ற கணக்கில் கணவன் பெயரில் பதிவாகின. அப்பகுதியை நீண்டகாலம் ஆராய்ந்த மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைப் பதிவு செய்திருக்கிறார். தலைமுறைகளாகப் பெண்ணிடம் இருந்த வீட்டுரிமை, உதவி என்ற பெயரில் வந்த ஒரு படிவத்தால் கை மாறியது. தாய்மாரே பிறகு மகள்மாருக்காக அதைத் திரும்ப எழுத முயன்றார்கள்.

வன்முறைக்கு எதிரான சேவைகளுக்குச் சட்டத்தில் குறைவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் பாதுகாப்புக் கட்டளை இடலாம். அரசு மருத்துவமனைகளில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கான ‘மித்துரு பியஸ’ நிலையங்கள் உள்ளன. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் உண்டு. பிரதேச செயலகந்தோறும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். ஆனால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக்கொண்டால், சொன்னவள் தான் சொன்னதைப் படித்துப் பார்க்க முடியாது. தங்குமிடம் தேவைப்படும் பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் மிகக் குறைவு. உளவளத்துறையில் யாழ்ப்பாணத்துச் சாந்திகம் நிறுவனமும், உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரும் போர்க்காலத்திலேயே ஆற்றுப்படுத்துநர்களைப் பயிற்றியிருந்தார்கள். ஆள்பலம் மிகத் தேவைப்பட்ட 2009க்குப் பிந்திய ஆண்டுகளிலோ வடக்குக்கான ஜனாதிபதி செயலணியின் அனுமதியின்றித் தொண்டு நிறுவனங்கள் இயங்க இயலவில்லை. வீடு, கிணறு, வீதி என்றால் அனுமதி எளிது. உளசமூகப் பணி, பெண்களைக் கூட்டிப் பேசும் பயிற்சி என்றால் இழுபறி. சீமெந்துக்கு இருந்த வரவேற்பு பேச்சுக்கு இல்லை.

வருமானத்துக்கான உதவி கோழிக்குஞ்சு, ஆடு, தையல் இயந்திரம் என்ற மூன்றைச் சுற்றியே வந்தது. ஒரே கிராமத்தில் இருபது தையல் இயந்திரம் கொடுத்தால் சட்டை தைக்க யார் வருவார் என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. நிரந்தரச் சம்பளம் கொடுத்த பெரிய அமைப்பு, பலருக்குக் கசப்பானதாயினும், அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்னாள் போராளிகள் உட்படப் பல பெண்கள் அதன் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலை பெற்றார்கள். மாகாண நிர்வாகத்தின் கீழுள்ள முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைத்த படியைவிட அங்கே சம்பளம் பல மடங்கு. சிறுவர் கல்வியைப் படைத்துறை சார்ந்த நிறுவனம் நடத்துவது தவறு என்ற கண்டனம் நியாயமானது. மாதம் தவறாமல் தன் கணக்கில் தன் பெயருக்குப் பணம் விழுந்த பெண்ணுக்கு, கண்டித்தவர்கள் அதற்கு ஈடான வேறெதையும் காட்டவில்லை என்பதும் உண்மை.

அந்த வெற்றிடத்தை நுண்கடன் நிறுவனங்கள் நிரப்பின. வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தபின் வந்த நிதி நிறுவனங்கள் பெண்களை மூவர், ஐவர் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணையாக்கி, ஈடு கேட்காமல் கடன் கொடுத்தன. பெண்ணின் பெயரிலேயே பத்திரம் எழுதிய பெரிய நிதிச் சேவை இதுவாக இருந்தது வேதனையான முரண். வாரந்தோறும் வீட்டு வாசலுக்கு ஆள் வருவார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பது வழக்கமாயிற்று. 2018இல் இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில கடன்களுக்கு ஆண்டு வட்டி 220 வீதம் வரை போனதைச் சுட்டினார். அதே ஆண்டில் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்குக் குறைந்த கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது; வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. நிலைத்து நிற்கும் மாற்று, வடக்கில் நீண்ட வரலாறுள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களே. அங்கே கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஊர்க்காரர். கணக்குப் புத்தகத்தை உறுப்பினர் கேட்டுப் பார்க்கலாம்.

படையினர் பிடித்துவைத்த காணிக்குத் திரும்பும் போராட்டங்களில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில் 2017 ஜனவரி 31 முதல் விமானப்படை முகாம் வாசலில் பிள்ளைகளோடு அமர்ந்தவர்களுக்கு மார்ச் 1இல் காணி கிடைத்தது. 1992இல் இரணைதீவை விட்டு வெளியேறி முழங்காவிலில் குடியிருந்தவர்கள், ஓராண்டுப் போராட்டத்துக்குப் பின் 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே தீவில் இறங்கினார்கள். தீவின் ஆழமற்ற கரையில் கடலட்டையும் சங்கும் பொறுக்கப் படகோ ஆண் துணையோ வேண்டியதில்லை. அந்த வருமானம் பெண்களுடையது. முழங்காவிலில் அது இல்லை. வாழ்வாதார உதவிப் பட்டியல்கள் எதிலும் இந்த இழப்பு கணக்கிடப்பட்டதில்லை.

வலிகாமம் வடக்கில் படையினர் வசமுள்ள காணிகளின் விடுவிப்பு துண்டு துண்டாக நடக்கிறது. மல்லாகம் கோணாப்புலம் போன்ற முகாம்களில் கால் நூற்றாண்டைத் தாண்டி வாழ்ந்தவர்களிடம் ஒரு புதிய சிக்கல். 1990இல் ஒரு குடும்பமாகப் பதிந்தவர்கள் இப்போது மூன்று நான்கு குடும்பங்கள். நிர்வாக மொழியில் ‘உப குடும்பங்கள்’. முகாமில் பிறந்து முகாமிலேயே மணமுடித்த மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கக் காணி இருக்கவில்லை. தாயின் இரண்டு பரப்புக் காணி விடுபட்டாலும் அது நான்கு பேருக்குப் பிரியும். வீட்டுத் திட்டம் காணி கேட்கும். காணி வாங்கப் பணம் வேண்டும். கீரிமலைப் பகுதியில் காணியற்றோருக்கென 2016இல் நல்லிணக்கபுரம் என்ற பெயரில் 100 வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்த எண்ணிக்கைக்கு வெளியே நின்ற உப குடும்பங்கள் இன்றும் உறவினர் காணியிலோ வாடகை வீட்டிலோ இருக்கின்றன. மீள்குடியேற்றக் கணக்கில் அவர்களின் தாய்க் குடும்பம் திரும்பிவிட்டதால், இடம்பெயர்ந்தோர் பட்டியலில் இந்தப் பெண்களின் பெயர் இல்லை.